களைத்த தசைக்குத் தேவை போத்தலா, சோறா?

வார இறுதியில் நம் நாட்டில் எந்தத் தற்காப்புக் கலைப் போட்டிக்குப் போனாலும் ஒரு காட்சி மாறுவதில்லை. டேக்குவாண்டோவாக இருக்கட்டும், கராத்தேவாக இருக்கட்டும், சிலம்பமாக இருக்கட்டும். மண்டபத்தின் ஓரத்தில் விளையாட்டுப் பானப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அம்மா கையில் ஒரு போத்தல், பயிற்றுநர் கையில் ஒரு போத்தல், 9 வயதுப் பிள்ளையின் பையில் இரண்டு போத்தல். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இதைக் குடிச்சாதான் உடம்பு சீக்கிரம் தேறும், சார்."

நான் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாலை நேரத்தில் 15 ஆண்டுகளாக டேக்குவாண்டோ வகுப்பும் நடத்தி வருகிறேன். அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுப் பானம் விஷமன்று. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஆனால், களைத்துப்போன தசையைத் தேற்றும் வேலையை அது செய்வதில்லை. அந்த வேலையைச் செய்பவை சோறு, தூக்கம், ஓய்வு ஆகிய மூன்றும்தான். போத்தலை வாங்கிக் கொடுத்தவுடன் நம் கடமை முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால் அந்த மூன்றும் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகின்றன. என் கவலை இதுதான்.

எதற்காகப் பிறந்தது இந்தப் பானம்?

1965ஆம் ஆண்டு. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் துணைப் பயிற்றுநர் ஒருவர், ராபர்ட் கேட் என்ற சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கடும் வெயிலில் ஆடும் வீரர்கள் ஆட்டம் முடியும்வரை சிறுநீர் கழிப்பதே இல்லையே, ஏன்? உடலில் இருந்த நீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது என்று மருத்துவர் கண்டுகொண்டார். வியர்வையோடு உப்பும் போகிறது. உடலின் சர்க்கரைக் கையிருப்பும் குறைகிறது. எனவே நீர், உப்பு, சர்க்கரை மூன்றையும் கலந்து ஒரு பானம் தயாரித்தார். வாயில் வைக்க முடியாத சுவையாக இருந்ததால், எலுமிச்சைச் சாறு சேர்க்கும்படி அவர் மனைவி யோசனை சொன்னாராம். அதுதான் கேட்டரேட். நம் நாட்டில் எல்லார்க்கும் தெரிந்த ஹண்ட்ரட் பிளஸ் 1983ஆம் ஆண்டு வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பானம் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது? தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, வெயிலில் மணிக்கணக்கில் மோதிக்கொண்ட வளர்ந்த ஆட்டக்காரர்களுக்காக. ஆட்டத்தின்போது இழந்ததை ஆட்டத்தின்போதே ஈடுகட்டுவது அதன் நோக்கம். மறுநாள் தசை வலியைப் போக்குவது அதன் நோக்கமாக இருந்ததே இல்லை.

நம் பிள்ளைகள் செய்வது என்ன? டேக்குவாண்டோ சண்டைப் பிரிவில் ஒரு போட்டி என்பது 2 நிமிடச் சுற்றுகள் மூன்று. இடையில் ஒரு நிமிட ஓய்வு. மொத்தம் 6 நிமிடம். கடுமையான 6 நிமிடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பிள்ளை மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருப்பதே அதிகம். வகுப்பும் அப்படித்தான். ஒன்றரை மணிநேர வகுப்பில் வரிசையில் நின்று முறை வரக் காத்திருப்பது, பயிற்றுநர் விளக்குவதைக் கேட்பது, பூம்சே அசைவுகளைத் திருத்திக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான் ஒன்றரை மணிநேரம். இப்படிப்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது: சாதாரணமாக விளையாடும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பானம் பொதுவாகத் தேவையில்லை, தண்ணீர்தான் முதல் தேர்வு.

ஒரு போத்தலில் என்ன இருக்கிறது?

போத்தலின் பின்பக்கத்தில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். நல்ல கணிதப் பயிற்சியும் கூட. 100 மில்லிலிட்டரில் 5 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், 500 மில்லிலிட்டர் போத்தலில் 25 கிராம். ஏறக்குறைய 6 தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியில், ஒரு நாளில் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்று சொன்னது. அந்த 5 விழுக்காடு வளர்ந்தவர் ஒருவருக்கே சுமார் 25 கிராம்தான். ஆக, ஒரே போத்தலில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. காலையில் குடித்த மைலோவும் மதியம் குடித்த சிராப் தண்ணீரும் தனிக் கணக்கு.

இதை அரசாங்கமும் கவனிக்காமல் இல்லை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் அது 90 சென் ஆனது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முறை நடப்பில் உள்ளது. பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்ததற்கு இவையும் காரணம். நல்லதுதான். ஆனாலும் குறைந்த சர்க்கரை என்பது சர்க்கரையே இல்லை என்று பொருளாகாது.

நம் சமூகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே நிலைமை அதைவிட மோசம். பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடும் வீட்டிலிருந்துதான் என் மாணவர்கள் பலர் வருகிறார்கள். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று தற்காப்புக் கலைக்கு அனுப்பிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் இனிப்புத் தண்ணீரைப் பழக்கப்படுத்துவது முரண் இல்லையா? பல்லையும் மறந்துவிட வேண்டாம். இந்தப் பானங்களில் அமிலம் உண்டு. பயிற்சி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கும்.

தசைக்குள் நடப்பது

இனி, தசை தேறுவது பற்றிப் பார்ப்போம். உயரக் குதித்து உதைத்துவிட்டுத் தரையில் கால் ஊன்றும்போதும், சிலம்பத்தில் தாழ்ந்த நிலையில் காலை மாற்றி மாற்றி வைக்கும்போதும், தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய சேதங்கள் உண்டாகின்றன. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிப்பது இதனால்தான். இந்த வலி பயிற்சி முடிந்த 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். "லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது, அதான் வலி" என்று பல பயிற்றுநர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது சரியன்று. பயிற்சியின்போது கூடும் லாக்டிக் அமிலம் ஓரிரு மணிநேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். அதைக் கழுவிப் போக்க எந்தப் பானமும் வேண்டியதில்லை.

சேதமான நாரைச் சீர்செய்து, முன்பைவிட வலுவாக்க உடலுக்கு மூன்று பொருள் வேண்டும்.

முதலாவது புரதம். வீடு கட்டச் செங்கல் போல, தசை கட்டப் புரதம். வழக்கமான விளையாட்டுப் பானத்தில் புரதம் இருப்பதில்லை. செங்கல்லே இல்லாமல் சுவர் எப்படி எழும்பும்? 50 கிலோ எடையுள்ள மாணவனுக்குப் பயிற்சிக்குப் பின் ஒரு வேளையில் 15 கிராம் அளவு புரதம் கிடைத்தால் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் சுமார் 8 கிராம். இரண்டு முட்டையும் ஒரு குவளைப் பாலும் இருந்தால் கணக்கு நிறைந்துவிடும். மீன் குழம்பு, கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, தவ்வு, தெம்பே எல்லாமே இந்த வேலையைச் செய்யும். சைவப் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் தயிரும் சேர்ந்தாலே நல்ல உணவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சர்க்கரை குறைந்த சோயா பால் இருக்கிறது.

இரண்டாவது மாவுச்சத்து. தசைக்குள் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சியில் செலவான அந்தக் கையிருப்பை மறுபடி நிரப்ப வேண்டும். விளையாட்டுப் பானத்தின் சர்க்கரையும் நிரப்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இட்லியும் சோறும் வாழைப்பழமும் அதே வேலையை வேறு சத்துகளையும் சேர்த்துக்கொண்டு செய்கின்றன. ஒரே நாளில் மூன்று நான்கு போட்டி உள்ளவருக்குத்தான் அவசரமாக நிரப்ப வேண்டிய தேவை. அடுத்த வகுப்பு நாளை மறுநாள் என்றால், இரவுச் சாப்பாடும் மறுநாள் சாப்பாடுமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது தூக்கம். வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகமாகச் சுரக்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணிநேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணிநேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. என் மாணவர்களின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். விடியற்காலை 5.30க்கு எழுந்து பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பள்ளி முடிந்தால் புறப்பாட நடவடிக்கை, பிறகு டியூஷன், பிறகு 8 மணிக்கு என் வகுப்பு. வீடு போய்ச் சேர 10 மணி. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம், கைப்பேசி. நள்ளிரவுக்குப் படுத்து 5.30க்கு எழுந்தால் ஐந்தரை மணிநேரம்தான். இந்தக் கடனை எந்தப் போத்தலால் அடைக்க முடியும்?

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம், "கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?" என்று கேட்பது என் வழக்கம். மதியம் 1 மணி என்பார் பலர். சிலர், ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டதுதான் என்பார்கள். வெறும் வயிற்றோடு வந்து உதைக்கிற பிள்ளைக்குத் தலை சுற்றினால், "தண்ணீர்ச் சத்து குறைந்துவிட்டது, இதைக் குடி" என்று போத்தலை நீட்டுகிறோம். சர்க்கரை உள்ளே போனதும் முகம் தெளிகிறது. பானம் வேலை செய்துவிட்டது என்று நம்புகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இருந்தது பசி. பசியை மறைத்துவிட்டோம், அவ்வளவுதான். ஒரு போத்தலின் விலை இரண்டு ரிங்கிட்டைத் தாண்டும். அந்தக் காசுக்கு மூன்று முட்டை வாங்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

எடையைக் குறைக்கும் ஆபத்து

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது வேறொன்று. சண்டைப் பிரிவுகளில் எடைப் பிரிவு உண்டு. ஒரு பிரிவு கீழே இறங்கினால் வெல்வது எளிது என்று சொல்லி, எடை பார்ப்பதற்கு முதல் நாளிலிருந்தே பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மழைச்சட்டை போன்ற பிளாஸ்டிக் உடை அணிந்து ஓடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எடை பார்த்து முடித்ததும் விளையாட்டுப் பானத்தைக் கொடுத்து "ஏற்றிவிடலாம்" என்பது இவர்களின் நம்பிக்கை. ஒரு போட்டியில், முதல் நாள் பிற்பகலிலிருந்து தண்ணீரே குடிக்காத 13 வயதுப் பையன், எடை பார்த்தவுடன் இரண்டு போத்தலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, களத்துக்கு அருகிலேயே வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். அரை மணிநேரத்தில் அவனைச் சண்டைக்கும் இறக்கினார்கள். எந்தக் குழு என்பது இங்கே முக்கியமன்று. பல குழுக்களில் நடப்பதுதான் இது.

இதன் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு உண்டு. 1997ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடையைக் குறைக்க உடல்நீரை வற்ற வைத்து உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின. 2015 டிசம்பரில் மணிலாவில் 21 வயதுச் சீன வீரர் ஒருவர் போட்டிக்கு எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்தார். அதன் பின்னர், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, உடல்நீரை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, வீரர்களின் நீர்ச்சத்தைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. சம்பளம் வாங்கிச் சண்டை போடும் பெரியவர்களுக்கே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாமா? 18 வயதுக்குட்பட்ட எவரும் அவரவர் இயல்பான எடைப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வற்றிப்போன உடலைப் பானம் அரை மணிநேரத்தில் சரிசெய்துவிடாது.

எப்போது குடிக்கலாம்?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இந்தப் பானம் உதவும் நேரங்களும் உண்டு. ஒரு மணிநேரத்துக்கும் மேல் இடைவிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்யும்போது, திறந்தவெளி வெயிலில் நடக்கும் முகாமில், ஒரே நாளில் பல சுற்றுகள் ஆடி இடையில் சாப்பாடு இறங்காதபோது, சிறிதளவு குடிக்கலாம். நம் நாட்டில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடு இறங்காது. எனவே தண்ணீர் குடிப்பதில் அலட்சியம் கூடவே கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இருந்தாலும் நீர் போதவில்லை என்று அறியலாம். ஒரு பிள்ளை வெயிலில் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், மயங்கினால், போத்தலைத் தேடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடலைத் தண்ணீரால் குளிர வையுங்கள், 999ஐ அழையுங்கள்.

"வெறும் தண்ணீர் என்றால் என் பையன் குடிக்கவே மாட்டான், சுவை இருந்தால்தான் குடிப்பான்" என்று சில தாய்மார்கள் சொல்வது உண்மைதான். அதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கொடுங்கள். ராபர்ட் கேட் ஆய்வுக்கூடத்தில் கலந்ததும் ஏறக்குறைய இதைத்தான். உப்புப் போட்ட நீர்மோரும் அருமையானது. நீரோடு உப்பும் கொஞ்சம் புரதமும் அதில் கிடைக்கும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடையில் விளையாட்டுப் பானத்துக்குப் பக்கத்திலேயே எனர்ஜி டிரிங்க் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றன்று. எனர்ஜி டிரிங்கில் காஃபின் இருக்கிறது. அது நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். நான் முன்பு குறிப்பிட்ட 2011 அறிக்கை, பிள்ளைகளின் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று திட்டவட்டமாகச் சொல்கிறது.

யார் என்ன செய்யலாம்?

போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு: பானம் கொடுக்கும் ஆதரவாளர் இல்லாமல் போட்டி நடத்துவது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆதரவை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிநீர்த் தொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை ஆகியவற்றுக்கும் ஆதரவு கேளுங்கள். சாப்பாட்டு இடைவேளையை அட்டவணையில் எழுதி வையுங்கள். காலை 7 மணிக்கு வந்த பிள்ளை மாலை 4 மணிவரை பட்டினி கிடக்கக் கூடாது.

பயிற்றுநர்களுக்கு: கடும் பயிற்சிக்கு மறுநாள் இலேசான பயிற்சி கொடுங்கள்; வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள். பெல்ட் தேர்வு நெருங்குகிறது என்று தினமும் அழைக்காதீர்கள். தசை வலுப்பெறுவது பயிற்சியின்போது அன்று, ஓய்வின்போது.

பெற்றோருக்கு: வகுப்புக்கு ஒன்றிரண்டு மணிநேரம் முன்பு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். இரண்டு இட்லி, ஒரு ரொட்டி, ஒரு வாழைப்பழம், எதுவாயினும் சரி. வகுப்பு முடிந்ததும் புரதம் உள்ள இரவுச் சாப்பாடு. மூன்றாவது டியூஷன் வேண்டுமா, அந்த நேரத்தில் பிள்ளை தூங்கலாமா என்பதையும் யோசியுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேசிய வீரர்கள் விளம்பரத்தில் போத்தலை உயர்த்திக் காட்டுவதைப் பார்க்கிறீர்கள். அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர் இருக்கிறார், உணவியல் வல்லுநர் இருக்கிறார், குறித்த நேரத்தில் விளக்கை அணைக்கும் விடுதி இருக்கிறது. விளம்பரத்தில் இவற்றைக் காட்டுவதில்லை. நீங்கள் அவர்களைப் பின்பற்ற விரும்பினால், அவர்கள் கையில் பிடித்திருப்பதை விட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் பின்பற்றுங்கள். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வாருங்கள். அம்மா போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். இரவு 10 மணிக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்கள் உதையின் வேகம் உங்களுக்கே தெரியும்.